வெயிலுக்கு வெள்ளை

மதிவதனிக்குத் துணி துவைக்கத் தெரியாது. இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. அவளுடைய ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்த பதினோரு பேருக்குமே தெரியாது. எல்லார் வீட்டிலும் மெஷின் இருந்தது, பொத்தானைத் தட்டினால் அது பாட்டுக்குச் சுற்றியது. ஆனால் அந்தப் பதினோரு பேரும் சேர்ந்துதான் ஒரு சட்டையைக் கண்டுபிடித்தார்கள். அதுவும் எப்பேர்ப்பட்ட சட்டை! சித்திரை மாசத்து நடு மத்தியானத்தில், மின்விசிறி, பேட்டரி எதுவும் இல்லாமல், சுற்றியிருக்கிற காற்றைவிடக் குளிர்ச்சியாக இருக்கும் சட்டை. கம்பெனி அதற்கு வாயில் நுழையாத ஓர் ஆங்கிலப் பெயர் வைத்தது. உப்பளத்து ஜனங்கள் அந்தப் பெயரை ஒரே நாளில் தூக்கிப் போட்டுவிட்டுப் பனிச்சட்டை என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

அந்தப் பனிச்சட்டையைப் போட்டுக்கொண்டு ஒரு மனுஷன் வெயிலில் செத்துப்போனான்.

லிங்கதுரை என்று பேர். நாற்பத்து நாலு வயது. தூத்துக்குடிக்குத் தெற்கே கடலை ஒட்டி இருக்கிற சங்குவிளையில் உப்பளத் தொழிலாளி. மே மாதம் ஒன்பதாம் தேதி, மத்தியானம் ஒன்றரை மணிக்கு, உப்பு வாரிக்கொண்டிருந்தவன் பாத்திக்குள்ளேயே சரிந்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது உடம்புச் சூடு நாற்பத்திரண்டு டிகிரி. டாக்டர் எழுதிக் கொடுத்த காகிதத்தைக் கம்பெனியில் மேலதிகாரி ரகுநந்தன் நாலு தரம் படித்துவிட்டு மதிவதனியைக் கூப்பிட்டார்.

"நீங்களே போய்ப் பாருங்க. சட்டைல கோளாறா, ஆள்கிட்ட கோளாறா, அது மட்டும் தெரியணும்."

அவன் செத்த பதினோராம் நாள் அவள் சங்குவிளையில் வந்து இறங்கினாள். கையில் ஒரு பை. பைக்குள் தூரத்தில் இருந்தே சூடு பார்க்கும் துப்பாக்கி மாதிரியான கருவி, ஒப்பிட்டுப் பார்க்க ஒரு புத்தம்புது பனிச்சட்டை. மனசுக்குள், சொல்லாமல் என்ன, கொஞ்சம் கோபமும் இருந்தது. ஏழு வருஷ உழைப்பு அந்தச் சட்டை. அது ஏமாற்றாது என்று அவள் அடித்துச் சொல்லத் தயாராக இருந்தாள்.

அளத்தில் முதலில் அகப்பட்டவர் கங்காணி அருளப்பன். அவள் யார் என்று தெரிந்ததும் கையெடுத்துக் கும்பிட்டார்.

"நீங்கதான் மேடம் இந்தச் சட்டையக் கண்டுபிடிச்சதா? நல்லா இருப்பிய. முன்னால எல்லாம் விடியக்காலம் நாலு மணிக்கு இறங்குவோம். பத்து மணி ஆச்சின்னா ஒருத்தனும் நிக்க முடியாது, ஏறிருவோம். இப்பக் காலம் தப்பி மழை வருதுல்லா, காஞ்ச உப்ப அன்னைக்கே வாரலன்னா கரைஞ்சி போவும். சட்டை வந்த பொறவு பதினோரு மணிலேருந்து மூணு மணி வரைக்கும் மத்தியான வேலைன்னு தனியா போட்டாவ."

"மத்தியான வேலையா?"

"ஆமா. உங்க சட்டைய நம்பித்தான்."

மதிவதனிக்கு இது தெரியாமல் இல்லை. கம்பெனிக் கூட்டத்தில் ஒரு படம் காட்டினார்கள். 'வேலை நேரம் நாலு மணி கூடுதல்' என்று பச்சை எழுத்தில் இருந்தது. எல்லாரும் கை தட்டினார்கள், அவளும் தட்டினாள். வெயிலில் கஷ்டப்படுகிறவனுக்கு நிழல் மாதிரி இருக்கட்டும் என்று செய்த சட்டையைக் காட்டியே அவனை வெயிலில் இறக்கிவிட்டிருக்கிறார்கள் என்பது, இங்கே வந்து, பாத்திகளின் வெள்ளை கண்ணைக் குத்த நிற்கும்போதுதான் உறைத்தது. மேலே ஒரு சூரியன், கீழே உப்பில் ஒரு சூரியன். அவளால் ஐந்து நிமிஷம் நிற்க முடியவில்லை.

"அன்னைக்கு என்ன நடந்தது?"

அருளப்பன் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"ஒரு மணிக்கே வந்து தலை சுத்துதுன்னு சொன்னான் மேடம். பனிச்சட்டை போட்டுருக்க, உனக்கென்னல தலை சுத்தும், காலைல சாப்பிட்டியான்னு கேட்டேன். சிரிச்சிட்டு இறங்கிட்டான். அவனும் நம்பிட்டான். சட்டை போட்டவனுக்கு வெயில் அடிக்காதுன்னு நாங்க எல்லாரும் நம்பிட்டோம்."

துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு பாத்திப் பக்கம் நடந்தார்.

லிங்கதுரை வீடு உப்பளக் காலனியில் மூன்றாவது தெருவில் இருந்தது. அவன் பெண்சாதி சுயம்புக்கனிக்கு நாற்பது வயது இருக்கும். ஒற்றை மகள் திருப்பூரில் வேலை பார்க்கிறாள், காரியம் எல்லாம் முடிந்து முந்தின நாள்தான் ரயிலேறிப் போயிருந்தாள். வீட்டில் அந்த அம்மா தனியாகத்தான் இருந்தாள். அழுது முடித்த முகம். சட்டைக் கம்பெனியில் இருந்து வந்திருக்கிறேன் என்று சொன்னதும் கோபப்படுவாள், கத்துவாள் என்று மதிவதனி பயந்துகொண்டே நின்றாள்.

"உள்ள வாங்க. தண்ணி குடிக்கியளா?" என்றாள் சுயம்புக்கனி. அவ்வளவுதான்.

மதிவதனி தண்ணீர் குடித்தாள். அந்த அம்மாதான் பேச்சை ஆரம்பித்தாள்.

"இந்தச் சட்டை எப்படிம்மா குளுருது? கரண்டும் இல்ல, ஐசும் இல்ல. எங்க வீட்டு அவியகிட்ட கேட்டா, அதெல்லாம் சயின்சு, உனக்கு வெளங்காதுன்னுட்டாவ. அவியளுக்கும் தெரியாது, சும்மா மெரட்டுவாவ."

மதிவதனிக்குச் சொல்லத் தெரிந்த ஒரே விஷயம் அது. ஆறுதல் சொல்லத் தெரியவில்லை, இதையாவது சொல்வோம் என்று சொன்னாள்.

"நம்ம உடம்பு, சுவர், தரை எல்லாமே சூட்டை வெளியே விட்டுக்கிட்டே இருக்கும்க்கா. அதுல பெரும்பகுதியைக் காத்து பிடிச்சு வச்சுக்கும். ஒரு வகைச் சூட்டை மட்டும் பிடிக்காது, வழி விட்டுரும். அது நேரா வானத்தைத் தாண்டிப் போயிரும். அந்தப் பக்கம் பயங்கரக் குளிர். இந்தச் சட்டை உடம்புச் சூட்டை அந்த வழியாப் பாத்து அனுப்பிரும்."

"அப்ப வெயிலு? அது உள்ள வருமே?"

"அதான் முக்கியம். வெயிலைத் திருப்பி அனுப்பணும். நூறு பங்கு வெயில் விழுந்தா தொண்ணூத்தாறு பங்கை இது திருப்பிரும். அந்தக் கணக்கு கொஞ்சம் தப்பினாலும் போச்சு. பத்துப் பங்கு கூடுதலா உள்ளே போனா, வெளியே போற சூட்டைவிட வர்ற சூடு ஜாஸ்தி ஆயிரும். அப்புறம் அது சாதாரணச் சட்டைதான்."

"கண்ணால பாத்தா தெரியுமா, தப்பிப் போச்சின்னு?"

"தெரியாதுக்கா. வெள்ளையாத்தான் இருக்கும்."

சுயம்புக்கனி தலையை ஆட்டினாள். பிறகு எழுந்து, "ஆளுக்கு மூணு சட்டை குடுத்தாவ. உடுத்திருந்தத ஆஸ்பத்திரில வெட்டி எடுத்துட்டாவ. ஒண்ணு பின்னால கொடில கெடக்கு, பாருங்க" என்று கொல்லைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள்.

கொடியில் கிடந்த சட்டை கண்ணைப் பறித்தது. அப்படி ஒரு வெள்ளை. ஆராய்ச்சிக்கூடத்தில் புதிதாக நெய்து எடுத்தபோதுகூட இவ்வளவு வெள்ளையாக மதிவதனி பார்த்ததில்லை. புதுப் பனிச்சட்டை லேசாகப் பால் நிறத்தில்தான் இருக்கும். பையில் இருந்த சட்டையை எடுத்து அதன் பக்கத்தில் தொங்கவிட்டாள். கால் மணி நேரம் வெயிலில் காயவிட்டாள். கருவியை நீட்டினாள். காற்று முப்பத்தெட்டு டிகிரி. அவள் கொண்டுவந்த சட்டை முப்பத்து நாலு. லிங்கதுரையின் சட்டை நாற்பத்தேழு.

இன்னொரு தரம் பார்த்தாள். நாற்பத்தேழுதான்.

அப்போதுதான் துவைக்கிற கல் கண்ணில் பட்டது. கல்மேல் ஒரு சோப்பு, ஒரு பிரஷ், அதை ஒட்டி உள்ளங்கை உயரத்தில் ஒரு குப்பி. சொட்டு நீலம்.

மதிவதனி அந்தக் குப்பியைக் குனிந்து பார்த்தாள். அவள் அம்மா வீட்டுக் குளியலறை ஜன்னலிலும் அந்தக் குப்பி இருந்தது. பள்ளிக்கூட யூனிபாரத்தை நீல வாளியில் முக்கி எடுத்து உதறும்போது முகத்தில் தெறிக்குமே, அந்த வாசம்கூட நினைவில் இருந்தது. ஐம்பது தரம் மெஷினில் துவைத்துச் சோதித்தார்கள். வியர்வை ஊற்றிச் சோதித்தார்கள், உப்புத் தண்ணீரில் ஊறவைத்துச் சோதித்தார்கள். பதினோரு படித்த தலைகளில் ஒரு தலைக்காவது, வெள்ளைச் சட்டை என்றால் தமிழ்நாட்டில் ஒருத்தி அதற்கு நீலம் போடுவாள் என்று தோன்றவில்லை. நீலம் என்ன செய்யும்? வெளிச்சத்தில் மஞ்சளையும் சிவப்பையும் கொஞ்சம் தின்றுவிடும். மிச்சம் நம் கண்ணுக்குப் பளீரென்று தெரியும். தின்ற வெளிச்சம் எங்கே போகும்? சூடாகத்தான் மாறும். வாரா வாரம் போட்டால் வாரா வாரம் ஏறும். கண்ணுக்கு வெள்ளை வேறு, வெயிலுக்கு வெள்ளை வேறு.

"நல்லா வெளுத்திருக்கீங்கக்கா" என்றாள்.

"அளத்துச் சகதியும் வேர்வையும் சேந்து பழுப்பாயிருது. அவியளுக்கு வெள்ளன்னா வெள்ளையா இருக்கணும். பழுப்புச் சட்டையோட போனா, சுயம்பு ஒழுங்கா துவைக்க மாட்டாளான்னு நாலு பேரு கேப்பாவளே. கூட வேலை பாக்குறவங்க எல்லாம், லிங்கதுரை மாப்ள மாதிரி வாரான்னு கேலி பண்ணுவாவளாம். வந்து சொல்லிச் சொல்லிச் சிரிப்பாவ." சொல்லும்போது அவளுக்கும் ஒரு சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் போனது. "சட்டையில என்னம்மா கோளாறு? நான் துவைச்சதுல எதுவும் தப்பு இருக்கா?"

நேருக்கு நேராகக் கேட்டுவிட்டாள். மதிவதனி அந்த முகத்தைப் பார்த்தாள். ஆமாம் என்று சொன்னால் இந்தப் பெண்பிள்ளை மிச்ச ஆயுசை எப்படி ஓட்டுவாள்?

"இல்லக்கா. துவைச்சதுல ஒண்ணுமில்ல. சட்டையிலதான் கோளாறு. எங்க தப்பு."

சுயம்புக்கனி அவளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "சரிம்மா" என்றாள்.

தெருமுனைக்கு வந்து வேப்பமர நிழலில் நின்று ரகுநந்தனுக்குப் போன் செய்தாள். விஷயத்தைக் கேட்டதும் அந்த மனுஷனுக்கு உயிர் வந்தது.

"நீலமா? அடடா, அப்போ நம்ம மேல ஒண்ணுமே இல்லையே! தவறான பயன்பாடுன்னு ரெண்டு வரி எழுதிக் குடுத்துருங்க மதி. யார் போட்டாங்க, எத்தனை மாசமாப் போட்டாங்க, அந்த அம்மா வாயாலயே சொன்னதா எழுதுங்க."

"மத்தியான வேலை?"

"அது அது பாட்டுக்கு நடக்கும். சட்டைலதான் கோளாறு இல்லையே."

போனை வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். எழுதிக் கொடுத்தால் கம்பெனி தப்பிக்கும், வேலை நடக்கும், புருஷனைக் கொன்றவள் என்று காகிதத்தில் சுயம்புக்கனியின் பேர் ஏறும். எழுதாமல் பேசாமல் போனால்? இந்தக் காலனியில் நாற்பது வீடு. நாற்பது துவைக்கிற கல்லிலும் அந்தக் குப்பி இருக்கும். நாளைக்குப் பதினோரு மணிக்கு நாற்பது பேர் இறங்குவார்கள். சொல்லித்தான் ஆகவேண்டும். ஒரு வீட்டில் சொன்னால் போதும், அரை மணி நேரத்தில் சுயம்புக்கனி காதுக்குப் போய்விடும். அவளிடம் சொன்ன பொய்க்கு ஆயுசு அரை மணி நேரம்தான். மதிவதனி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பிறகு எழுந்து முதல் தெருவில் முதல் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

ஞானதீபம் என்று ஒரு பெண் கதவைத் திறந்தாள். கையெல்லாம் மீன் செதில்.

"அக்கா, பனிச்சட்டை துவைக்கிறப்ப..." என்று மதிவதனி ஆரம்பிப்பதற்குள், "நீலம் போடக்கூடாது, அதானம்மா?" என்றாள் அவள். "இங்க ஒரு வீட்டுலயும் இப்ப நீலம் கெடையாது. சுயம்பு வந்து எல்லாத்தையும் வாங்கிட்டுப் போயிட்டால்லா."

"யாரு?"

"சுயம்புக்கனி. லிங்கதுரை பொண்டாட்டி. நாலாம் நாளே வந்தா, இன்னும் ஈரம் காயல. வீடு வீடா ஏறுனா. நான் நீலம் போட்டு எம்புருசனக் கொன்னுட்டேன், நீங்களும் கொன்னுராதியன்னு சொல்லி, குப்பியெல்லாம் சாக்குல அள்ளிட்டுப் போயி ஓடையில ஊத்துனா. ரெண்டு நாளு ஓடை நீலமாக் கெடந்துச்சி." ஞானதீபம் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "நாங்க என்னத்தச் சொல்ல? எல்லா வீட்டுலயும்தான் இருந்துச்சி. அவ வீட்டுல விழுந்துட்டு, அம்புட்டுதான்."

மதிவதனி திரும்ப அந்த வீட்டுக்கு எப்படி வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. சுயம்புக்கனி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள், வருவாள் என்று தெரிந்தவள் மாதிரி.

"ஏன்க்கா எங்கிட்ட சொல்லல?"

"உக்காருங்க" என்று நகர்ந்து இடம் விட்டாள். "திருவிழாவுக்குன்னு மூணாவது சட்டைய அவிய தொடாம பீரோவுல வச்சிருந்தாவ. படத்துக்கு முன்னால படைக்கணும்லா, வெறுந்தண்ணில அலசிப் போட்டேன். பழசும் பக்கத்துல காஞ்சிட்டு இருந்துச்சி. உச்சி நேரம் எடுக்கப் போனேன். ஒரு கையில சில்லுன்னு இருக்கு. ஒரு கையில சுடுது. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு அங்கனையே நின்னு நெனச்சிப் பாத்தேன். நீலம் ஒண்ணுதான்." கொல்லைப் பக்கம் கையைக் காட்டினாள். "அந்தக் குப்பிய வேணும்னுதான் கல்லு மேல வச்சேன். நீங்க பாக்கியளா, பாத்தா என்ன சொல்லுதியன்னு தெரியணும்னு. பழிய எம்மேல போட்டா சரி, போட்டுக்கோங்கன்னுதான் இருந்தேன். நீங்க எனக்காவப் பொய் சொன்னிய."

மதிவதனி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணீர் நிற்கவே இல்லை.

"அழாதிய. நான் ஒண்ணு கேக்கேன், செய்வியளா? அந்தப் பொய்ய அப்படியே காகிதத்துல எழுதிக் குடுங்க. சட்டையிலதான் கோளாறுன்னு எழுதுனா மத்தியான வேலைய நிப்பாட்டுவாவல்லா? நீலம் இல்லன்னாலும் நாளைக்கி இன்னொண்ணு வரும். ஒருத்தி கஞ்சி போடுவா, ஒருத்தி பழசாச்சேன்னு ஒட்டுத் தைப்பா. எங்களுக்குத் தெரியாதும்மா, எது செய்யலாம் எது செய்யக்கூடாதுன்னு. மனுசன அந்த நேரத்துல வெயில்ல இறக்காம இருந்தா போதும்."

"அது பொய் இல்லக்கா" என்றாள் மதிவதனி. சொல்லும்போதுதான் அவளுக்கே அது தெரிந்தது.

அன்று சாயங்காலம் விடுதி அறையில் உட்கார்ந்து எழுதினாள். ஊரே துவைக்கிற மாதிரி துவைத்தால் கெட்டுப்போகிற சட்டை கோளாறான சட்டை. அதை நம்பி யாரையும் உச்சி வெயிலில் இறக்கக்கூடாது. நீலம் போட்டுச் சோதிக்க வேண்டியது என் வேலை, நான் சோதிக்கவில்லை. கீழே தன் பெயரைப் போட்டாள். வேறு யார் பெயரும் அதில் இல்லை. ரகுநந்தன் திருத்தி எழுதச் சொன்னார், கெஞ்சினார், பிறகு மிரட்டினார். அவள் ஒரு பிரதியைத் தொழிலாளர் அதிகாரிக்கு அனுப்பிவிட்டு வேலையை விட்டு நின்றாள். இரண்டு மாதம் இழுபறி. ஆடி பிறக்கும்போது, சட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பத்து மணிக்குமேல் அளத்தில் ஆள் நிற்கக்கூடாது என்று உத்தரவு வந்தது. அருளப்பன் போன் செய்து அழுதார்.

வருஷம் திரும்பியது. லிங்கதுரையின் தெவசத்துக்கு வரச்சொல்லி சுயம்புக்கனி கூப்பிட்டிருந்தாள். மதிவதனி இப்போது ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறாள். பஸ்ஸை விட்டு இறங்கிக் காலனிக்குள் நடந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. தெரு முழுக்க ஆண்பிள்ளைகள் பழுப்புச் சட்டையோடு திரிந்தார்கள். இப்போது நீலம் போட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. கடையில் அது கிடைக்காமலும் இல்லை. ஆனாலும் அந்தக் காலனியில் ஒருத்தியும் வாங்குவதில்லை. கல்யாணத்துக்குக்கூடப் பழுப்பு வேட்டியோடுதான் போகிறார்களாம்.

சுயம்புக்கனி வீட்டுக் கொல்லையில் மட்டும் கொடியில் ஒரே ஒரு சட்டை, பளீரென்று. மதிவதனி அப்படியே நின்றுவிட்டாள். துவைக்கிற கல்லின்மேல் அதே குப்பி, அடியில் ஒரு விரற்கடை நீலம் மிச்சம்.

"அந்த ஒண்ணை மட்டும் ஊத்தல" என்றாள் பின்னால் வந்து நின்ற சுயம்புக்கனி. "வாரா வாரம் துவைச்சிப் போடுதேன். இனி இது வெயிலுக்கு வெள்ளையா இருக்கணும்னு இல்லல்லா, தங்கச்சி. தொட்டுப் பாரு."

தொட்டாள். சட்டை சுட்டது.

"பீரோவுல இருக்குற அந்தப் புதுச்சட்டைய என்னால தொட முடியல. சில்லுன்னு இருக்கு. ஆஸ்பத்திரில ஐஸ் பொட்டியிலேருந்து வெளிய எடுத்தப்போ அவிய கை அப்படித்தான் இருந்துச்சி. இது சூடா இருக்கு பாரு. இப்பதான் கழத்திப் போட்டுட்டுக் குளிக்கப் போன மாதிரி."

கொடியிலிருந்து சட்டையை எடுத்து, சூடு ஆறுவதற்குள் மார்போடு சேர்த்து வைத்துக்கொண்டு உள்ளே போனாள்.